நடக்காததை அளப்பது

கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தில் இருந்த பாபார் கருவி 2008-இல் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. அது சேர்த்துவைத்த தரவை அலசும் வேலை மட்டும் அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2012-இல் அந்தக் குழு வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாளில் எட்டு நிகழ்வுகள் பேசப்பட்டன. டி-ஜீரோ என்ற சார்ம் துகள், எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான் ஒன்றாகவும் ஓர் எதிர்-மியூவானாகவும் உடைந்ததுபோலத் தோன்றிய எட்டு மோதல்கள். மற்றச் சிதைவுகள் வேடமிட்டு வந்தால் எத்தனை தேறும் என்று அவர்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். விடை 3.9.

நான்கு வரவேண்டிய இடத்தில் எட்டு வந்தால் மனசு துள்ளத்தான் செய்யும். பாபார் குழு துள்ளவில்லை. சராசரி 3.9 ஆக இருக்கும்போது தற்செயலாகவே எட்டோ அதற்கு மேலோ வருவதற்கு ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு என்று எழுதியது. சிதைவு உண்மையென்றே வைத்துக்கொண்டால் அது கோடியில் 0.6-க்கும் 8.1-க்கும் இடையில் இருக்கலாம் என்று 90 விழுக்காடு நம்பகத்தோடு ஓர் எல்லையைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டே, ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி குழு தன் கணக்கை வெளியிட்டது. இந்தச் சிதைவு நூறு கோடியில் 6.2-க்கு மேல் இல்லை. பாபார் சொன்ன கீழ் எல்லையை நூறு கோடிக்கு மாற்றினால் 60 வரும். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று ஆகிவிட்டது. மிகையாக வந்த நான்கும் பின்னணியின் விளையாட்டு.

இன்றுவரை எவரும் பார்க்காத அந்தச் சிதைவுதான் இந்த அத்தியாயத்தின் நாயகன். பார்க்காத ஒன்றுக்கு ஓர் அத்தியாயமா என்று கேட்கலாம். "பார்க்கவில்லை" என்று சொல்ல எவராலும் முடியும். "நூறு கோடியில் இத்தனைக்கு மேல் இல்லை" என்று சொல்லத்தான் கருவியும் பத்தாண்டு உழைப்பும் வேண்டும்.

இல்லாமையிலிருந்து பிறந்த குவார்க்

சார்ம் குவார்க்கின் வரலாறே நடக்காத ஒரு சிதைவிலிருந்துதான் தொடங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் மூன்று குவார்க்குகள்தான் தெரியும்: அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச். ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கைக் கொண்ட கேயான் என்ற துகளில் மின்னூட்டமுள்ளது நூற்றில் 64 முறை ஒரு மியூவானாகவும் ஒரு நியூட்ரினோவாகவும் உடைகிறது. மின்னூட்டமற்ற கேயான் இரண்டு மியூவான்களாக உடைவதற்கும் அன்றைய கோட்பாட்டில் பெரிய தடை ஒன்றும் இல்லை. ஆனால் அது உடையவில்லை. இன்று நமக்குத் தெரிந்த அளவு, நீண்ட ஆயுள் கொண்ட கேயானுக்கு, நூறு கோடியில் ஏழு. பெருவழியாக இருக்க வேண்டிய பாதை ஏன் இப்படி அடைபட்டுக் கிடக்கிறது?

1970-இல் ஷெல்டன் கிளாஷோ, ஜான் இலியோபுலோஸ், லூசியானோ மயானி ஆகிய மூவரும் விடை தந்தார்கள். நான்காவதாக ஒரு குவார்க் இருந்தால், அப் குவார்க் வழியாக வரும் பங்கும் இந்தப் புதிய குவார்க் வழியாக வரும் பங்கும் எதிரெதிர்க் குறிகளுடன் வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டின் நிறையும் சமமாக இருந்தால் மிச்சமே இருக்காது. நிறை வேறுபடும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் எஞ்சும். இந்த எச்சத்தை வைத்துக்கொண்டு மேரி கயார், பெஞ்சமின் லீ இருவரும் 1974-இல் புதிய குவார்க்கின் நிறையையே மதிப்பிட்டார்கள்: சுமார் 1.5 கிகா எலக்ட்ரான்வோல்ட். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டான்ஃபோர்டில் பர்டன் ரிக்டரின் குழுவும் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங்கின் குழுவும் தனித்தனியாக ஜே-சை துகளைக் கண்டன. அது ஒரு சார்மும் ஓர் எதிர்-சார்மும் சேர்ந்த துகள், நிறை 3.1 கிகா எலக்ட்ரான்வோல்ட். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது. 1976-இல் ஸ்டான்ஃபோர்டிலேயே டி-ஜீரோவும் கிடைத்தது. ஒரு சார்ம் குவார்க்கும் ஓர் எதிர்-அப் குவார்க்கும் சேர்ந்த துகள் அது. நிறை 1,865 மெகா எலக்ட்ரான்வோல்ட். ஏறக்குறைய இரண்டு புரோட்டான்களின் எடை.

ஆக, துகள் இயற்பியலில் அரிய சிதைவுகளுக்கு ஒரு மரியாதை உண்டு. எந்த முடுக்கியும் எட்டாத நிறையுள்ள துகளைக்கூட, அது சிதைவில் விட்டுச்செல்லும் எச்சத்தால் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கலாம். கேயானில் பலித்த வித்தையை இப்போது சார்ம் குவார்க்கிடமே காட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாட்டம் குவார்க் ஸ்ட்ரேஞ்சாக மாறும்போது இடையில் வந்துபோகும் குவார்க்குகளில் டாப் உண்டு. 173 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறை கொண்ட அந்த மாமிசமலை, மேலே சொன்ன அழித்தல் கணக்கைக் குலைத்துவிடுகிறது. அதனால்தான் பி-எஸ் என்ற துகள் இரண்டு மியூவான்களாக உடைவது நூறு கோடியில் மூன்று என்ற அளவில் நடக்கிறது. செர்னின் சிஎம்எஸ், எல்எச்சிபி குழுக்கள் அதைக் கண்டும்விட்டன. சார்ம் குவார்க் அப்பாக மாறும்போதோ இடையில் வருவன டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மட்டுமே. வலுகுறை விசையைச் சுமக்கும் டபிள்யூ துகளின் 80 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறைக்கு முன்னால் இந்த மூன்றும் இறகுகள். பாட்டம் மட்டும் சற்றுக் கனம், ஆனால் அதற்கும் இந்தச் சிதைவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிது. அழித்தல் கிட்டத்தட்ட முழுமையாகிவிடுகிறது. போதாக்குறைக்குச் சுழற்சி விதி ஒன்றும் குறுக்கே நிற்கிறது. டி-ஜீரோவுக்குச் சுழற்சி இல்லை. அதனால் பிறக்கும் இரு மியூவான்களில் ஒன்று வலுகுறை விசைக்கு ஒவ்வாத திசையில் சுழன்றாக வேண்டும். இவ்வளவையும் சேர்த்தால், நேரடி வழியில் டி-ஜீரோ இரண்டு மியூவான்களாக உடையும் அளவு 10⁻¹⁸-ஐ ஒட்டி வருகிறது. பத்தாயிரம் கோடிக் கோடியில் ஒன்று.

இந்த எண் அப்படியே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் சுற்றுவழி ஒன்று உண்டு. டி-ஜீரோ இரண்டு ஒளித்துகள்களாக மாறி, அவை இரண்டு மியூவான்களாக மாறலாம். வலுமிகு விசையின் சேற்றில் கால் வைக்கும் இந்தப் பாதையைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது. ஆனால் ஒரு கயிறு கட்டலாம். இரண்டு ஒளித்துகள்களாக உடையும் அளவைத் தெரிந்துகொண்டால், அதில் சுமார் லட்சத்தில் 2.7 பங்கு மியூவான்களாக வரும். அந்த ஒளித்துகள் சிதைவை ஜப்பானின் சுக்குபாவில் இருந்த பெல் கருவியின் தரவில், மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தினர் முன்னின்று தேடினார்கள். கிடைக்கவில்லை; 2016-இல் வந்த மேல் எல்லை கோடியில் 8.5. பெருக்கிப் பார்த்தால் மியூவான் சிதைவுக்கு ஸ்டாண்டர்ட் மாடல் என்ற இன்றைய கோட்பாடு தரக்கூடிய அதிகபட்ச அளவு 2.3×10⁻¹¹. ஒரு துகளின் இல்லாமையை அளந்து இன்னொரு துகளின் இல்லாமைக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே 10⁻⁹ என்ற அளவில் ஒரு சமிக்ஞை தெரிந்தால் அதற்குப் பொருள் ஒன்றே: இதுவரை அறியாத ஏதோ ஒன்று இடையில் புகுந்திருக்கிறது. குவார்க்கையும் லெப்டானையும் நேரடியாக இணைக்கும் லெப்டோகுவார்க் போன்ற கற்பனைத் துகள்கள் பல இந்த அளவை எளிதில் உயர்த்திவிடும்.

மூன்று மில்லிமீட்டர்

எல்எச்சிபி கருவி பிரெஞ்சு எல்லைக்குள் ஃபெர்னே-வொல்த்தேர் என்ற ஊருக்கு அடியில், சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. புரோட்டான்கள் மோதும் இடத்தைச் சுற்றி வளைக்காமல் ஒரு பக்கமாக மட்டும் நீண்டு கிடக்கும் வினோத அமைப்பு. சார்ம், பாட்டம் துகள்கள் பெரும்பாலும் புரோட்டான் கற்றையை ஒட்டி முன்னோக்கிப் பாய்வதால் இந்த ஏற்பாடு. 2011 முதல் 2018 வரை அதன் பார்வைக்குள் பிறந்த சார்ம் இணைகள் பத்து லட்சம் கோடிக்கும் மேல். 

எண்ணிக்கை பெரிது என்பதால் வேலை எளிதாகிவிடாது. ஒவ்வொரு மோதலிலும் நூற்றுக்கணக்கில் துகள்கள் சிதறுகின்றன. அவற்றில் டி-ஜீரோவைப் பிரித்தெடுக்க உதவுவது அதன் ஆயுள். சராசரியாக 0.41 பிக்கோ நொடி. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்து அதில் பாதிக்கும் குறைவு. இந்த நேரத்தில் ஒளிகூட 0.12 மில்லிமீட்டர்தான் போகும். ஆனால் 50 கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தத்துடன் பாயும் டி-ஜீரோவுக்குச் சார்பியல் விதிப்படி கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அது மூன்று மில்லிமீட்டர் தூரம் போய்விட்டுத்தான் உடையும். அந்த மூன்று மில்லிமீட்டரைப் பார்க்கத்தான் கற்றையிலிருந்து எட்டே மில்லிமீட்டர் தொலைவில் சிலிக்கான் பட்டைகளை நிறுத்தினார்கள். இப்போதைய புதிய கருவியில் இடைவெளி ஐந்து மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. ஒரு தடம் எங்கே புறப்பட்டது என்பதைச் சில பத்து மைக்ரான் துல்லியத்தில் அது சொல்லிவிடும். மோதல் நடந்த புள்ளியிலிருந்து புறப்படாமல், சற்று தள்ளி வேறொரு புள்ளியில் கூடிப் பிரியும் இரு தடங்கள்: முதல் சல்லடை அதுதான்.

இரண்டாவது சல்லடை இன்னும் சாமர்த்தியமானது. டி-ஸ்டார் என்ற சற்றே கனமான சார்ம் துகள் மூன்றில் இரண்டு முறை ஒரு டி-ஜீரோவாகவும் பையான் என்ற இலேசான துகளாகவும் உடைகிறது. டி-ஸ்டாருக்கும் டி-ஜீரோவுக்கும் நிறை வேறுபாடு 145.4 மெகா எலக்ட்ரான்வோல்ட். பையானின் நிறையே 139.6. மிச்சம் ஆறுகூட இல்லை! பையான் பிறந்த கையோடு ஊர்ந்து செல்லும் அளவுக்குத்தான் ஆற்றல் கிடைக்கிறது. ஆகவே அந்த நிறை வேறுபாட்டைக் கணக்கிட்டால் உண்மையான டி-ஜீரோக்கள் ஊசிமுனைபோல ஒரே இடத்தில் குவியும். ஒட்டாத தடங்களை ஒட்டிப்போட்டவை பரந்து கிடக்கும். இந்த நிபந்தனையால் பெரும்பாலான டி-ஜீரோக்களை இழக்கிறோம். இழந்தாலும் லாபமே. கையில் எஞ்சுவது சுத்தமாக இருக்கிறது.

ஊர்ந்து செல்லும் பையானால் இன்னொரு ஆதாயமும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

பையான் போடும் வேடம்

இப்போது சிக்கலின் முடிச்சுக்கு வந்துவிட்டோம். டி-ஜீரோ இரண்டு பையான்களாக உடைவது ஆயிரத்தில் 1.45 முறை. துகள் இயற்பியலில் இது சர்வசாதாரணம். பையானுக்கும் மியூவானுக்கும் நிறை அதிகம் வேறுபடாது: 139.6-உம் 105.7-உம். கருவியில் பையான் மியூவானாகத் தெரிந்துவிட்டால், நாம் தேடும் சிதைவு அப்படியே கிடைத்ததுபோல் இருக்கும்.

தெரியுமா என்றால், சில சமயம் தெரியும். மியூவான் இரும்பைத் துளைத்துக்கொண்டு போகும், பையான் போகாது. அதனால் கருவியின் கடைசியில் 80 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புச் சுவர்களை அடுக்கி, இடையிடையே உணரிகளை வைத்திருக்கிறார்கள். அங்கே வந்து சேர்ந்தது மியூவான் என்பது விதி. ஆனால் பையானே வழியில் மியூவானாக மாறிவிடக்கூடிய துகள். 20 கிகா எலக்ட்ரான்வோல்ட் பையான் ஒன்று சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் உடையும். இருந்தாலும் கருவிக்குள் ஓடும் பன்னிரண்டு மீட்டருக்குள் அவசரப்பட்டு உடைந்துவிடுபவை நூற்றில் ஒன்று இருக்கும். அப்படிப் பிறந்த மியூவான் உண்மையான மியூவானே. இரும்பைத் துளைத்துப் போய் மணியடித்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பையானும் நூற்றில் ஒரு முறை ஏமாற்றினால், இரண்டும் சேர்ந்து ஏமாற்றுவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆயிரத்தில் 1.45-உடன் பெருக்கினால் நூறு கோடியில் 145. நாம் மூன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்! ஆளுக்கு ஆயிரத்தில் ஒன்று என்று ஏமாற்றுவதைக் குறைத்தால் 145 என்பது 1.45 ஆகும், அப்போதுதான் மூச்சுவிட இடம் கிடைக்கும். நூறு மடங்கு அதிக மோதல்களைச் சேர்ப்பதைவிட, பையானை மியூவானாக எண்ணும் பிழையைப் பத்தில் ஒரு பங்காக்குவது இங்கே பெரிய வெற்றி. வெளியில் இருப்பவர்கள் முடுக்கியின் ஆற்றலைப் பற்றியே பேசுவார்கள். உள்ளே இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பிழைதான்.

நிறையைக் கொண்டு பிரிக்க முடியாதா? ஓரளவுக்கு. இரண்டு பையான்களுக்கு மியூவானின் நிறையைப் பொருத்திக் கணக்கிட்டால் தாய்த்துகளின் நிறை 1,865-க்குப் பதிலாக 1,856 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் விழும். ஒன்பது குறைவு. கருவியின் நிறைத் துல்லியமும் கிட்டத்தட்ட அதே அளவில் இருப்பதால் இரண்டு குன்றுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கேயானும் பையானுமாக உடையும் வழி நூற்றில் நான்கு என்று இன்னும் பெருவாரியானது. ஆனால் அங்கே தவறான நிறையைப் பொருத்தினால் 130 மெகா எலக்ட்ரான்வோல்ட் கீழே போய்விடும். அதனால் தொல்லை குறைவு. பையான் பறக்கும் வழியில் உடையும்போது தடத்தில் ஒரு சிறு வளைவு விழுவதும் உதவி செய்கிறது. தடம் சரியாகப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதை நிரல்கள் பிடித்துவிடுகின்றன.

பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள கணினியில் போட்ட பாவனை மோதல்களை மட்டும் நம்ப முடியாது. நூற்றில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா என்பதை உண்மைத் தரவிலிருந்தே அளக்க வேண்டும். ஊர்ந்து செல்லும் பையானை மறுபடியும் அழைப்போம். டி-ஸ்டாரிலிருந்து வந்த அந்தப் பையானின் மின்னூட்டம் நேராக இருந்தால், கூடப் பிறந்தது டி-ஜீரோ. எதிராக இருந்தால் எதிர்-டி-ஜீரோ. டி-ஜீரோ கேயானும் பையானுமாக உடையும்போது, கேயான் பெரும்பாலும் எதிர் மின்னூட்டமும் பையான் நேர் மின்னூட்டமும் கொண்டிருக்கும். ஆக, அடையாளம் காணும் எந்தக் கருவியையும் கேட்காமலேயே எந்தத் தடம் பையான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படி ஜாதகம் தெரிந்த கோடிக்கணக்கான பையான்களை மியூவான் உணரிகளின் பக்கம் அனுப்பி, எத்தனை ஏமாற்றின என்று எண்ணிவிடலாம். இயற்கை தானே தந்த சோதனைக்கூடம் இது.

தனக்குத் தானே கண்கட்டு

அளப்பது என்றால் வகுத்தல். மேலே எத்தனை மியூவான் சிதைவு, கீழே எத்தனை டி-ஜீரோ. கீழே உள்ள எண்ணை நேரடியாக எண்ண முடியாது. கருவி எத்தனையைத் தவறவிட்டது என்பது துல்லியமாகத் தெரியாது. அதனால் அதே டி-ஜீரோ இரண்டு பையான்களாகவோ, கேயானும் பையானுமாகவோ உடைந்தவற்றை அதே சல்லடையில் சலித்து எண்ணுகிறார்கள். அவற்றின் அளவுகள் வேறு ஆய்வகங்களில் நன்றாக அளக்கப்பட்டவை. இரண்டையும் வகுக்கும்போது, எத்தனை மோதல், எத்தனை சார்ம், எத்தனை தவறவிட்டோம் என்ற கேள்விகளில் பெரும்பகுதி மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. எந்த மோதலைப் பதிவுசெய்வது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் டிரிக்கர், மியூவானையும் பையானையும் வெவ்வேறு விதமாகப் பிடிக்கிறது என்பது மட்டும் எஞ்சும். அதற்குத் தனியாகத் திருத்தம் செய்ய வேண்டும். பகுப்பாய்வு அறிக்கைகளில் பாதிப் பக்கங்களை இந்தத் திருத்தங்களே விழுங்கிவிடும். படிக்கச் சலிப்பானவை, ஆனால் முடிவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, மனித மனம். நிறை 1,865-ஐ ஒட்டி எத்தனை நிகழ்வுகள் விழுகின்றன என்று பார்த்துக்கொண்டே சல்லடையின் கண்களை மாற்றினால், நமக்கே தெரியாமல் நமக்குப் பிடித்த விடையை நோக்கி நகர்ந்துவிடுவோம். இதற்கு மருந்தாக, அந்த நிறைப் பகுதியை மூடிவைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போட்டுத் திருத்தக் கொடுப்பார்களே, அதே நியாயம்தான். இங்கே திருத்துபவரும் மறைப்பவரும் ஒருவரே என்பது கூடுதல் கட்டுப்பாடு. எந்த நிகழ்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, பின்னணியை எப்படிக் கணிப்பது என்பதெல்லாம் எழுதி, குழுவுக்குள் வேறு ஆட்கள் அதைக் குடைந்து முடித்தபிறகே மூடியைத் திறக்க அனுமதி. திறந்தபின் எதையும் மாற்றக் கூடாது.

எல்எச்சிபி குழு 2011 முதல் 2018 வரை சேர்த்த தரவு முழுவதையும் வைத்து 2022-இல் திறந்து பார்த்தது. பின்னணியைத் தாண்டி உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேல் எல்லை, 90 விழுக்காடு நம்பகத்தில், நூறு கோடியில் 3.1. இந்த விழுக்காட்டின் பொருளைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சிதைவு இதற்குக் கீழே இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிதைவு உண்மையிலேயே நூறு கோடியில் 3.1 என்ற அளவில் நடந்திருந்தால், இதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது பத்தில் ஒன்பது முறை இப்போது கண்டதைவிடத் தெளிவான அடையாளம் தெரிந்திருக்கும் என்பதே பொருள். சோதனையின் கூர்மையைப் பற்றிய வாக்குமூலம் அது.

கண்ட சிதைவுகளும் காணாத தெளிவும்

எல்லா அரிய சார்ம் சிதைவுகளும் ஒளிந்துகொள்வதில்லை. 2017-இல் எல்எச்சிபி குழு, டி-ஜீரோ இரண்டு பையான்களும் இரண்டு மியூவான்களுமாக உடைவதையும், பையான்களுக்குப் பதில் கேயான்கள் வருவதையும் கண்டது. முதலாவது கோடியில் 9.6; இரண்டாவது கோடியில் 1.5. அதுவரை காணப்பட்ட சார்ம் சிதைவுகளிலேயே அரியது அதுதான். கண்டதும் கோட்பாட்டாளர்கள் கொண்டாடினார்களா? அதிகம் இல்லை. அந்த மியூவான் இணைகளின் நிறையை வரைந்து பார்த்தால் ரோ, ஒமேகா, ஃபை ஆகிய பழைய துகள்களின் முத்திரை பதிந்திருக்கிறது. டி-ஜீரோ முதலில் அந்தத் துகள்களில் ஒன்றைப் பெற்று, அது பின்பு மியூவான்களாக உடைந்திருக்கிறது. புதிய விசை ஏதாவது இருந்தாலும் இந்தப் பழைய கூட்டத்தின் இரைச்சலில் அதன் குரல் கேட்காது.

அதனால் இங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சமச்சீரைப் பிடித்துக்கொண்டார்கள். டி-ஜீரோவும் எதிர்-டி-ஜீரோவும் இந்த வழியில் ஒரே அளவில் உடைகின்றனவா? மியூவான்கள் புறப்படும் கோணங்களில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறதா? ஸ்டாண்டர்ட் மாடலில் இவை கிட்டத்தட்ட சுழி. சுழி அல்லாதது வந்தால் இரைச்சலைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 2022-இல் வெளியான அளவீடுகள், பிழை எல்லைக்குள், சுழியோடு ஒத்துப்போயின.

பெய்ஜிங்கில் இருக்கும் பெஸ்-3 கருவியின் வழி இதற்கு நேர் எதிர். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் அங்கம் வகிக்கும் அந்தக் குழு, எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் சரியாக 3.773 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் மோதவிடுகிறது. இரண்டு டி துகள்களின் நிறை 3.73. மீதியில் ஒரு பையானைக்கூட உண்டாக்க முடியாது. ஆகவே ஒரு பக்கம் டி தென்பட்டால் மறுபக்கமும் டி மட்டுமே. அதன் உந்தமும் தெரிந்துவிடும். எண்ணிக்கையில் எல்எச்சிபியின் காலடிக்குக்கூட வராது. ஆனால் கண்ணுக்கே தெரியாத நியூட்ரினோக்களாக உடைவதைத் தேட இந்தச் சுத்தம் வேண்டும். டி-ஜீரோ ஒரு நடுநிலைப் பையானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் உடைவது பத்தாயிரத்தில் 2.1-க்கு மேல் இல்லை என்று அங்கே காட்டியிருக்கிறார்கள். புரோட்டான் மோதலின் அமளியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இரு மியூவான் சிதைவுக்கே திரும்பினால், அண்மைய அடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஹிக்ஸ் துகளைப் பிடிக்கக் கட்டிய சிஎம்எஸ் கருவி, குறைந்த உந்தமுள்ள மியூவான் இணைகளையும் விடாமல் பதிவுசெய்யும்படி தன் டிரிக்கரை மாற்றிக்கொண்டு, 2022, 2023 ஆண்டுகளின் தரவை அலசியது. 95 விழுக்காடு நம்பகத்தில் அதன் மேல் எல்லை நூறு கோடியில் 2.4. அதே நம்பகத்தில் எல்எச்சிபியின் எண் 3.5. சார்ம் குவார்க் அப்பாக மாறும் இந்த வகைச் சிதைவுகள் எதற்கும் இதைவிட இறுக்கமான எல்லை அதுவரை இடப்படவில்லை.

இத்தகைய முடிவுகள் வரும்போதெல்லாம் "புதிய இயற்பியலுக்கு ஏமாற்றம்" என்ற தொனியில் செய்திகள் எழுதப்படுவதை நான் ஏற்கவில்லை. இந்த எல்லைகள் ஒவ்வொன்றும் கோட்பாட்டாளர்களின் மேசையிலிருந்து சில லெப்டோகுவார்க் கணக்குகளை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டிருக்கின்றன. கேயான்களில் காணாமல்போன சிதைவை எவராவது அலட்சியப்படுத்தியிருந்தால் சார்ம் குவார்க்கை எதிர்பார்த்திருக்கவே மாட்டோம்.

அளந்த எல்லைக்கும் ஸ்டாண்டர்ட் மாடல் தரக்கூடிய அதிகபட்சத்துக்கும் இடையில் இன்னும் நூறு மடங்கு வெற்றிடம் இருக்கிறது. அதில் எதுவும் ஒளிந்திருக்கலாம்; எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பின்னணி மேலோங்கிய இந்த நிலையில், தரவை நான்கு மடங்காக்கினால் எல்லை பாதியாகத்தான் குறையும். தரவை மட்டும் நம்பி நூறு மடங்கு இறங்க வேண்டுமென்றால் பத்தாயிரம் மடங்கு மோதல்கள் தேவை. எந்த முடுக்கியும் அதைத் தரப்போவதில்லை. பையானை மியூவானிலிருந்து இன்னும் நன்றாகப் பிரிக்கத் தெரிந்தவர்களே அடுத்த எல்லையைப் போடுவார்கள்.